ரிம்பெர்க்கை நாங்கள் படித்ததே இல்லை

"அவிழ்த்தாடி. அவளேதான் அவிழ்த்தா."

"அவிழ்க்கல. முடிச்சு நழுவிச்சு. அந்தக் குளிர்ல கயிறு விறைச்சுப்போய்..."

"விறைச்சா முடிச்சு இறுகும், நழுவாது. உனக்குக் கயிறு கட்டவே தெரியாது, நீ என்னத்தை..."

"உனக்கு மட்டும் என்ன தெரியும்? நீ கட்டிக்கிட்டது பல் டாக்டரை."

"செத்த மனுஷனை ஏன் இழுக்கிற? கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை வாசி. இந்தத் தடவை முழுங்காம வாசி."

"நான் எங்கே முழுங்கினேன்?"

"முழுங்கின. அவ கையைப் பத்தி ஒரு வரி வரும். அதை அப்படியே தாண்டிப் போயிட்ட. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு."

"அப்படி ஒரு வரியே கிடையாது, அக்கா."

"இருக்கு. உனக்கு அது பிடிக்காது, அதனால வாசிக்க மாட்டேங்கிற. இதான் கடைசி, ட்வைலா. அடுத்த வருஷம் நீ வாசிச்சா நான் கேக்கப் போறதில்ல. சீட்டு விளையாடுவோம்."

சீட்டு என்றதும் ட்வைலா பயந்துபோனாள். காரணம் இருந்தது.

நார்த் டகோட்டாவில் ஸ்டோர்டால் என்கிற ஊரில், அக்காள் ஆர்லிஸும் தங்கை ட்வைலாவும் எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள். இருவரும் விதவைகள், இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அந்த ஊரில் யாரும் சண்டை போடுவதில்லை. கோபம் தலைக்கேறினால் "அப்படியா, வித்தியாசமா இருக்கே" என்பார்கள். அதற்கு மேல் கோபம் வந்தால் வேறு சர்ச்சுக்கு மாறிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் இந்தச் சகோதரிகள் மட்டும் ஜனவரிக்கு ஜனவரி தெருவுக்கே கேட்கும்படி சண்டை போட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் அகஸ்டா ரிம்பெர்க் எழுதிய ஒரு நாவல்.

ரிம்பெர்க் அந்த ஊர்க்காரிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவள் எழுதிய 'கொட்டில் கயிறு' நாவலைப் படித்து அமெரிக்காவே அழுதது என்பார்கள். அந்த வருஷத்துப் பெரிய பரிசு அதற்குத்தான். கதை இவ்வளவுதான். பனிப்புயலில் கண் தெரியாது என்பதால் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போய், பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். நெல்ஸ் என்கிற பண்ணைக்காரன் மாட்டுக்குத் தீனி போடப் போகிறான். திரும்பவில்லை. விடிந்ததும் கோதுமை வயலில் விறைத்துக் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி இங்கா வாசலில் நிற்கிறாள், கயிற்றின் நுனி அவள் கையில் இருக்கிறது. நாவல் அங்கே முடிந்துவிடும். அவிழ்த்தாளா, நழுவியதா? ரிம்பெர்க் சொல்லாமலே செத்துப்போனாள்.

இந்தச் சண்டை அவர்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்றால், இன்னொன்றைப் போடக் கூடாது என்பதற்காக. ஒரு குளிர்காலம் ட்வைலா அரிசோனாவுக்குப் போயிருந்தாள். அப்போது ஆர்லிஸ் அம்மாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். ட்வைலா ஊர் திரும்புவதற்குள் அம்மா போய்விட்டாள். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை. பேசினால் ஒரே கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும், அப்புறம் அந்தத் தெருவைக் கடந்து காபி குடிக்கப் போக ஆள் இருக்காது என்று இருவருக்கும் தெரியும். நூலகக் கூரை ஒழுகி மூடிக் கிடந்த ஒரு வருஷம் புத்தகம் கிடைக்கவில்லை. சீட்டாட உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அம்மாவின் பேச்சு இரண்டு தடவை நாக்கு நுனிவரை வந்தது. ட்வைலா அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பொய் சொல்லி எழுந்து ஓடினாள்.

அதனால்தான் சீட்டு என்றதும் பயந்தாள்.

அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கோர்டி ஹௌகன்.

"ட்வைலா, அந்தப் புத்தகத்தோட கொஞ்சம் வந்துட்டுப் போங்க. கிழக்கேயிருந்து ஆளுங்க வந்திருக்காங்க."

"என்ன ஆளுங்க?"

"பெரிய படிப்பு ஆளுங்க. அவங்க போட்டிருக்கிற ஷூவைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு."

ஸ்டோர்டாலில் நூலகமும் மீன்பிடி உரிமம் கொடுக்கிற இடமும் ஒன்றுதான். கோர்டியின் மேஜைக்கு முன்னால், நனைந்த தோல் ஷூவோடு ஹீட்டரில் கால் காட்டிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ப்ரெஸ்காட் வேன்லீர். தேசிய இலக்கிய மறுகண்டுபிடிப்பு மன்றத்தின் தலைவர். மறக்கப்பட்ட எழுத்தாளர் ஒருவரை வருஷத்துக்கு ஒரு முறை கண்டுபிடிப்பது அவர்கள் தொழில்.

"உங்க ஊரைப் பாராட்டியே ஆகணும், மேடம்," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாங்க எத்தனையோ ஊர் பாத்திருக்கோம். இவ்வளவு சுத்தமான மறதியைப் பாத்ததில்ல. அவங்க பிறந்த வீடு இப்ப கார் சைலன்ஸர் மாத்துற கடை. பள்ளிக்கூடத்துக்குப் பன்றி வளர்த்த ஒருத்தர் பேரு. கல்லறையில அவங்க கல்லு மேல புல்வெட்டுற மெஷினைச் சாய்ச்சு வச்சிருக்காங்க. எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு."

"சந்தோஷம்," என்றாள் ட்வைலா.

"ஒரே ஒரு கறைதான். ஒவ்வொரு ஜனவரியும் யாரோ இந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"நான்தாங்க!" ட்வைலா தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தாள். ஊர் மானத்தைத் தான் ஒருத்தியாகக் காப்பாற்றிவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

வேன்லீர் மெல்ல உட்கார்ந்தார். "எடுத்து?"

"படிப்பேன்."

"மறுபடியும்?"

"வருஷா வருஷம். நானும் அக்காவும். படிச்சுட்டுச் சண்டை போடுவோம்."

"அதாவது நீங்க," என்றார் அவர், டாக்டர் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்கிற குரலில், "வாசகர்."

கோர்டி தலையைக் குனிந்துகொண்டு மீன்பிடி உரிமங்களை அடுக்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க, மேடம். தனிப்பட்ட முறையில எனக்கு வாசகர்கள் மேல எந்த விரோதமும் கிடையாது. ஆனா மன்றத்துக்குன்னு விதி இருக்கு. யாருமே படிக்காத எழுத்தாளரைத்தான் நாங்க கண்டுபிடிக்க முடியும். ஏற்கெனவே ஒருத்தர் படிச்சுக்கிட்டிருந்தா அதுக்குப் பேரு கண்டுபிடிப்பு இல்ல. நாங்க லேட்டா வந்திருக்கோம்னு அர்த்தம்."

"அப்போ நான் படிச்சதாலதான் அவளுக்கு இந்தக் கதியா?"

"அப்படி முரட்டுத்தனமாச் சொல்ல வேண்டாம். ஆனா ஒரு பெரிய எழுத்தாளரோட எதிர்காலத்துக்குக் குறுக்கே நீங்க ஒருத்தர்தான் நிக்கிறீங்க. வெர்மான்ட்ல இன்னொருத்தர் தயாரா இருக்கார். அவர் பேரப்பிள்ளைகளே அவர் யாருன்னு எங்களைக் கேட்டாங்க. அப்படி ஒரு குடும்பம்!"

"இந்தப் புத்தகம் வேற ஊர்ல இல்லையா? வேற யாரும் படிக்கலியா?"

"இருந்துது. பழைய புத்தகக் கடைகள்லயும் இணையத்துலயும் சல்லி விலைக்குக் கிடந்துது. நாங்க ஒண்ணு விடாம வாங்கிட்டோம்."

"படிக்கவா?"

"கூழாக்க. ஒண்ணைக் கண்டுபிடிக்கணும்னா முதல்ல அது தொலைஞ்சிருக்கணும் இல்லையா? அந்த வேலையை இயற்கைகிட்ட விட்டா தாமதமாகும்."

ட்வைலா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே இருந்தது உலகத்திலேயே கடைசிப் பிரதி என்பது அப்போதுதான் உறைத்தது. அட்டை ஏற்கெனவே விட்டுப்போய் ஒட்டுநாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேன்லீர் குரலைத் தாழ்த்தினார். "கண்டுபிடிச்சுட்டோம்னா மேடம், புதுப் பதிப்பு வரும். நல்ல காகிதம். நூலகத்துக்கு இலவசம்."

"பெரிய எழுத்துல போடுவீங்களா?"

"என்ன?"

"பெரிய எழுத்து. கண்ணு தெரியாதவங்க தானே படிக்கிற மாதிரி."

"அதுல ஒரு கஷ்டமும் இல்ல. பெரிய எழுத்துல ஒரு பதிப்பு, வாக்கு கொடுக்கிறேன். பதிலுக்கு, ஊரைக் கூட்டி மன்றம் நடத்தப்போற விசாரணையில நீங்க ஒரே ஒரு வாக்கியம் சொன்னாப் போதும்."

அக்காள் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே ட்வைலா வீடு திரும்பினாள். ஆர்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"நீ அந்தப் புத்தகத்தைப் படிச்சதே இல்லைன்னு சொல்லணும், அவ்வளவுதானே? தாராளமாச் சொல்லு. நீ படிக்கிற லட்சணத்துக்கு அது பொய்யே இல்ல."

"பெரிய எழுத்துல வரும், அக்கா. நீயே படிக்கலாம்."

"நானே படிச்சேன்னா உன் கதி என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். அடுத்த ஜனவரி வந்து சொல்லு."

"வருவேன்டி," என்றாள் ஆர்லிஸ். அந்த வார்த்தைக்காகத்தான் ட்வைலா பொய் சத்தியம் செய்யத் துணிந்தாள்.

விசாரணை லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில் நடந்தது. ஸ்டோர்டாலில் கல்யாணமும் கருமாதியும் அரசியலும் அங்கேதான். ஆளாளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். உருளைக்கிழங்கு உருண்டை போட்டு வேகவைத்த மாட்டிறைச்சி மட்டும் ஏழு தட்டு. கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி ஒரு பக்கம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதைச் சாலட் என்று சொல்லக் கேட்டு மன்றத்து உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டம் விதிப்படி நடந்தது. ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, எல்லாரும் "ஆம்" என்றால்தான் எதுவும் நடக்கும். கதவைச் சாத்த முன்மொழிந்தார்கள். காபி ஊற்ற வழிமொழிந்தார்கள். காபியில் பால் வேண்டும் என்று ஒரு உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் தோற்றுப்போனது. அவர் கறுப்புக் காபியைக் குடித்தபடி தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார்.

சத்தியம் எதன்மேல் என்ற கேள்வி வந்தது. பாஸ்டர் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "இந்த மாதிரி விஷயத்துக்கு இதைக் கொண்டுவரணுமான்னு பாக்கறேன்." கடைசியில் சர்ச்சு மாதர் சங்கம் அச்சடித்த சமையல் புத்தகத்தை வைத்தார்கள். ஊரில் அதைத்தான் எல்லாரும் நம்பினார்கள்.

மேயர் முதலில் எழுந்தார். "ரிம்பெர்க்னா ஏதோ கலப்பைக் கம்பெனின்னு இன்னிவரைக்கும் நெனச்சிருந்தேன்."

கைதட்டல். மன்றத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாஸ்டருக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. "புல்வெட்டுற மெஷினை அந்தக் கல்லுமேல சாய்க்கிறதே நான்தான். அது கல்லறைன்னே எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு ஊரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அமெரிக்காவில் நாவல் எழுதுவார்களா என்று சைலன்ஸர் கடைக்காரன் கேட்டான். தனக்குப் படிக்கவே தெரியாது என்று பள்ளிக்கூடத்து முன்னாள் தலைமையாசிரியை சொன்னாள். பின்வரிசையில் ஒரு கிழவர் மட்டும், சின்ன வயதில் அகஸ்டாவோடு ஒரு தடவை நடனமாடியதாக ஆரம்பித்தார். அவர் வாயில் யாரோ ஒரு துண்டு ரொட்டியைத் திணித்தார்கள்.

ஆர்லிஸைக் கூப்பிட்டார்கள்.

"அந்த நாவலை நீங்க படிச்சதுண்டா?"

"நான் எங்கே படிச்சேன்? என் தங்கச்சி வாசிப்பா, நான் கேப்பேன். அவ வாசிக்கிறது வேற, புத்தகத்துல இருக்கிறது வேற. கடைசிப் பக்கத்துல ஒரு வரியை அவ..."

ட்வைலா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. எல்லாம் போச்சு.

வேன்லீர் மற்ற உறுப்பினர்களோடு தலையோடு தலை வைத்துக் கிசுகிசுத்தார். பிறகு நிமிர்ந்தார். "காதால கேட்டது வாசிப்பு ஆகாதுன்னு மன்றம் முடிவு பண்ணியிருக்கு. சாட்சி படிக்கல. நன்றி."

அப்புறம் ட்வைலா. சமையல் புத்தகத்தின்மேல் கை வைத்தாள். நூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வருஷா வருஷம் அந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போனது எதுக்கு?"

"ஜன்னல் சந்துல வைக்க. குளிர்காத்து வருது."

"ஒரு பக்கமாவது புரட்டினீங்களா?"

"இல்லைங்க."

"உறுதியா?"

"படிச்சதே இல்லைங்க."

அடித்தளமே அதிர்ந்தது. பச்சை ஜெல்லி இன்னும் அதிகமாக நடுங்கியது. அகஸ்டா ரிம்பெர்க் ஒருமனதாக மறக்கப்பட்டவளாக அறிவிக்கப்பட்டாள். மேயருக்கு நெஞ்சில் ஒரு பதக்கம் குத்தினார்கள். வேன்லீர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, இலக்கியத்துக்கு மூணு எதிரிங்க. முதல் எதிரி காலம், அதை நாம ஜெயிச்சுட்டோம். ரெண்டாவது எழுத்தாளர், அவங்க உயிரோட இருக்கிறவரைக்கும் எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. மூணாவதும் மிக ஆபத்தானதும் வாசகர்தான். ஒரு புத்தகத்தை விரும்பிப் படிக்கிற ஒரே ஒரு ஆள், ஒரு பல்கலைக்கழகத்தோட மொத்த உழைப்பையும் பாழாக்கிட முடியும். இன்னிக்கு இந்த அம்மா மனசாட்சியோட முன்வந்து, தான் அப்படிப்பட்டவ இல்லைன்னு நிரூபிச்சிருக்காங்க."

எல்லாரும் எழுந்து நின்று ட்வைலாவுக்குக் கைதட்டினார்கள். அவளுக்கு அன்று மூன்று தட்டு இறைச்சி வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். புத்தகத்தை வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் தலையணைமேல் வைத்து எடுத்துப் போனார்.

ஜூலையில் மறுகண்டுபிடிப்பு விழா வந்தது. தண்ணீர்த் தொட்டியில் ரிம்பெர்க்கின் முகத்தைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். புகைப்படம் கிடைக்காததால் மேயரின் அத்தை முகத்தைப் பார்த்து வரைந்தது என்று பேச்சு. சைலன்ஸர் கடை வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் கயிறு கட்டியிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, தொண்ணூறு டிகிரி வெயிலில் அதைப் பிடித்து நடந்து, பனிப்புயலை அனுபவித்தார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். உண்மைத்தன்மை அதிகம் என்று பத்திரிகைக்காரர் பாராட்டினார்.

கடைசிப் பிரதி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. முதல் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார்கள். பெட்டிக்குச் சாவி பாஸ்டனில், மன்றத்து அலுவலகத்தில் இருந்தது.

கூடாரத்தில் புதுப் பதிப்பைக் கொடுத்தார்கள். அட்டையில் காலி நாற்காலி ஒன்று. மன்றம் கண்டுபிடித்த எல்லாருக்கும் அதே நாற்காலிதான் என்றான் கோர்டி. முன்னுரை வேன்லீர் எழுதியது, நாவலைவிடத் தடிமன். பெரிய எழுத்துப் பதிப்பு இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கனம். ஒன்றை ட்வைலா வரிசையில் நின்று வாங்கி, மேப்பிள் மரத்தடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காளின் மடியில் வைத்தாள்.

"இந்தா. இனிமே நான் முழுங்கினேன்னு சொல்ல முடியாது."

"அங்கிட்டுப் போ. உன் நிழல் விழுது," என்று ஆர்லிஸ் கடைசிப் பக்கத்துக்குப் போய் மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

ட்வைலா தனக்கு ஒரு சாதாரணப் பிரதியை எடுத்தாள். அவளும் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தாள். வாசலில் இங்கா நின்றாள். சரி. விடிந்துகொண்டிருந்தது. சரி. அப்புறம் அவள் பார்த்ததே இல்லாத ஒரு பத்தி வந்தது. முந்தின இரவு இங்கா முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறாள். அவிழ்த்துவிட்டு, 'இனி நான் சுதந்திரமானவள்' என்கிறாள். சத்தமாகச் சிரிக்கிறாள்.

ட்வைலா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் வேன்லீரின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இது புத்தகத்துல இல்ல."

"எது மேடம்?"

"பல்லு. சிரிப்பு. இதெல்லாம் அவ எழுதல."

வேன்லீர் அன்போடு சிரித்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் படிச்சிருக்கேன்!"

"நீங்க படிச்சதில்ல. சமையல் புத்தகத்து மேல கை வச்சுச் சொன்னீங்க. ஊரே சாட்சி."

"கோர்டி, நீ சொல்லு. நான் எத்தனை வருஷம் எடுத்துட்டுப் போனேன்?"

கோர்டி நூலகத்தின் புதுக் கூரையைப் பார்த்தான். மன்றம் போட்டுக் கொடுத்தது. "ஜன்னலுக்குன்னுதான் ஞாபகம், ட்வைலா," என்றான்.

"அப்போ அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்க. கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க."

"திருப்பினா கெட்டுப்போகும். அது வாசிக்கிறதுக்கான புத்தகம் இல்ல மேடம், மூலப் பிரதி."

"அப்ப இதை எழுதினது யாரு?"

"எழுதறதுன்னு சொல்லக் கூடாது. மீட்டெடுத்தோம்." அவர் அவளை மெதுவாகக் கூட்டத்துக்கு வெளியே அழைத்துப் போனார். ஒளிக்க அவருக்கு எதுவும் இல்லை, பெருமையாகவே சொன்னார். "நாவல் சந்தேகத்தோட முடியுது. முப்பதுகள்ல அதைத் தாங்கிக்கிட்டாங்க. இப்ப யாரும் சந்தேகத்தை வாங்கிப் பரிசாக் கொடுக்க மாட்டாங்க. அதனால மன்றத்துல ஓட்டுக்கு விட்டோம். ஒழுங்கா முன்மொழிஞ்சு, வழிமொழிஞ்சு. முடிச்சு தானா நழுவினதா வைக்கலாம்னு ஒருத்தர் திருத்தம் கொண்டுவந்தார். பாவம், நல்ல மனுஷன். தோத்துட்டார். இதைவிட நியாயமா ஒரு நாவலை யாரும் முடிச்சதில்ல."

"அவ உயிரோட இருந்திருந்தா சம்மதிச்சிருப்பாளா?"

"அதுதான் இந்த வேலையில இருக்கிற சுகம். செத்தவங்களோட சம்மதம் எங்களுக்கு எப்பவுமே கிடைச்சுடும்."

அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன் அவள் பிரதியை வாங்கி, முதல் பக்கத்தில், 'எங்கள் அருமையான படிக்காதவருக்கு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ட்வைலா மரத்தடிக்குத் திரும்பினாள். ஆர்லிஸ் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்துப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்வைலா பக்கத்தில் இன்னொரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள்.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

"அப்ப நீதான் ஜெயிச்ச."

"பல்லாலயாம்," என்றாள் ஆர்லிஸ். "பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழ இருக்கிற குளிர்ல ஐஸ் கட்டின கயித்தை. முன் பல்லு ரெண்டும் கயித்தோட வந்திருக்கும். பல் டாக்டர் பொண்டாட்டிகிட்டயே கதை விடறானுங்க."

"அவ எழுதினதில்ல இது."

"எனக்குத் தெரியாதா? அவ எழுதினா இங்கா சிரிக்க மாட்டா. அந்தப் பொம்பள ஒரு நாவல் முழுக்க யாரையும் சிரிக்க விட்டதில்ல."

"அக்கா, உண்மையாச் சொல்லு. அந்த வரி இருந்துதா? நான் முழுங்கின வரி?"

ஆர்லிஸ் மடியிலிருந்த புத்தகத்தை நேராக வைத்தாள். "இருந்துதோ என்னவோ. இருந்துதுன்னு சொன்னா நீ இன்னொரு தடவை வாசிப்ப இல்ல."

மேடையில் வேன்லீர் பேச ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது. ட்வைலா எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"எனக்கென்னவோ முடிச்சு நழுவிச்சுன்னுதான் இன்னமும் படுது."

"இருக்கலாம்," என்றாள் ஆர்லிஸ்.

அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. ட்வைலாவுக்குக் கால் வழுக்கியதுபோல் இருந்தது. "என்ன இருக்கலாம்? நீ அவிழ்த்தான்னு சொல்லு!"

"அச்சுல போட்டுட்டாங்களே. இதுக்கு மேல நான் வேற கத்தணுமா?"

"வெயில் ஜாஸ்தி," என்றாள் ட்வைலா.

"ஜாஸ்திதான்."

"ஜெல்லி உருகிடும்."

"உருகட்டும். மாதர் சங்கத்து எலெய்ன் பண்ணினது."

அப்புறம் சண்டை போட இருவருக்கும் எதுவும் அகப்படவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கட்டிய ஒரு தடித்த மனிதர் அவர்களைத் தாண்டிப் போனார். பெட்ரோல் பங்க் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஆர்லிஸ் புத்தகத்தின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். ட்வைலா அவள் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, அன்னிக்கு நீ அம்மாவைக் கார்ல ஏத்தினப்ப, எங்கே போறோம்னு அவளுக்குத் தெரியுமா?"